ஓரியின் அம்பு தொட்ட ஐந்து

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வேட்டையை வன்பரணர் பாடிய பாட்டு, புறநானூற்றில் 152ஆம் பாட்டாக அமைந்துள்ளது. பாணர் கூட்டம் ஒன்று விறலியரோடு காட்டுவழியே செல்கிறது. எதிரே ஒருவன் வேட்டையாடிக்கொண்டிருக்கிறான். அவன் எய்த அம்பு யானையை வீழ்த்துகிறது. அவ்வளவில் நில்லாது, வாய் பிளந்த புலியைச் சாய்க்கிறது. புள்ளிமான் கலையை உருட்டுகிறது. உரல் போன்ற தலையுடைய காட்டுப்பன்றியை விழச் செய்கிறது. இறுதியில் அருகிலிருந்த புற்றில் கிடந்த உடும்பின் உடலிற் சென்று தைத்து நிற்கிறது.

வட்டத்து அன்பர்களுக்கு இச்செய்தி புதிதன்று. பள்ளி நாள் முதல் கேட்டு வருகிறோம். ‘உயர்வு நவிற்சி’ என்று ஒரு குறிப்பெழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குச் செல்வதும் நமக்குப் பழகிவிட்டது. ஓர் அம்பு ஐந்து உடல்களை ஊடுருவுமா என்னும் ஆராய்ச்சியை வில்லாளிகளிடம் விட்டுவிடலாம். கவிதையோடு பழகுவோர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மலையில் கரடி இருந்தது, கடமான் இருந்தது, முள்ளம்பன்றி இருந்தது, முயலும் காட்டுக்கோழியும் இருந்தன. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, வன்பரணர் இந்த ஐந்தை மட்டும், இந்த வரிசையில் மட்டும், ஏன் அடுக்கினார்?

கொல்லி நமக்கு அயலான மலையன்று. இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருப்பினும், அதன் கீழைச் சரிவு நம் துறையூர் வட்டத்தில் வந்து முடிகிறது. கோடையில் நம்மவர் குளிக்கச் செல்லும் புளியஞ்சோலை அம்மலையின் அடிவாரமே. மலையிற் பிறக்கும் அய்யாறு அவ்வழியே இறங்கிக் காவிரியை நோக்கி வருகிறது. ஆகவே ஓரியின் வேட்டைக்காடு காவிரிக் கரையிலிருக்கும் நம்முடைய மேட்டு நிலம் என்றே கொள்ளலாம். அந்த ஐந்து விலங்குகளுக்கும் இந்தச் சீமையில் என்ன நேர்ந்தது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

வரிசையை மீண்டும் நோக்குவோம். யானையில் தொடங்கி உடும்பில் முடிகிறது. உருவம் படிப்படியாகக் குறைந்து வருவதை எவரும் காண்பர். உருவத்தோடு சேர்ந்து குறைவது இன்னொன்றும் உண்டு. அது வேட்டுவனின் தகுதி. யானையும் புலியும் வேந்தரும் வீரரும் விரும்பிய வேட்டை. மான் விருந்துக்குரியது. பன்றி, விளைபுனத்தைக் காக்கிறவனின் பகை. உடும்போ பசித்தவன் புற்றைக் கிளறி எடுப்பது. காட்டில் அம்பெடுத்த எல்லா வகை மனிதரின் வேட்டையையும் ஒரே அம்பில் கோத்துக் காட்டியிருக்கிறார் புலவர். தலைவனின் அம்பு ஏழையின் இரையிற் சென்று நின்றது என்பதில்தான், என் எண்ணத்தில், ஓரியின் பெருமை இருக்கிறது.

இவ்வாறு கொள்வதற்குப் பாட்டிலேயே சான்று உண்டு. அம்பெய்தவனைக் கண்ட பாணர் தலைவன் தன்னுள் ஐயுறுகிறான். இவன் கொலைவன்தான், ஆனால் ‘விலைவன்’ போலத் தோன்றவில்லையே, செல்வமுடையவனாகத் தெரிகிறானே, ஓரியோ அல்லனோ என்று எண்ணுகிறான். விலைவன் என்பவன் கொன்றதை விலைக்கு விற்று வாழ்பவன். அந்த ஒரு சொல்லில் சங்ககாலத்து வேட்டையின் சமூகப் பிளவு முழுதும் அடங்கியிருக்கிறது. பெருமைக்கு வேட்டையாடுகிறவன் ஒருவன். வயிற்றுக்கு வேட்டையாடுகிறவன் மற்றொருவன். கையில் வில் ஒன்றே. மார்பிற் கிடக்கும் ஆரத்தைக் கொண்டுதான் யார் எவர் என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. பாணர் பாடுகிறார்கள். தன் பெயரைப் பாட்டில் கேட்ட ஓரி நாணி நிற்கிறான். பிறகு, தான் கொன்ற மானின் கொழுப்புடைய ஊனும், நெய்யை உருக்கியது போன்ற மதுவும், தன் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் காட்டு வழியிலேயே அள்ளிக் கொடுக்கிறான். வீழ்ந்த ஐந்தில் விருந்தானது மான் ஒன்றே என்பதையும் குறித்துக்கொள்க.

அகழியில் காத்திருந்தவர்கள்

விலைவனின் வேட்டையைப் பாட நம்மிடம் வேறொரு புலவர் இருந்தார். கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், எயினரின் வேட்டையை அருகிருந்து கண்டவர் போலச் சொல்கிறார். மானின் குளம்படி பதிந்த வழிகள் ஒன்றோடொன்று கலக்கும் இடம். மழை பொய்த்த காலம். நீருக்காகத் தோண்டிய குழியின் அருகே பதுங்குகுழி வெட்டி, அதனுள் உடலை ஒடுக்கிக்கொண்டு, நள்ளிரவில் நீர் குடிக்க வரும் காட்டுப்பன்றியை எதிர்நோக்கி வேடர் காத்திருக்கின்றனர். அப்பன்றியின் வளைந்த கொம்புக்கு அவர் காட்டும் உவமை அகத்திப்பூ. இருளில் முதலில் கண்ணுக்குப் புலப்படுவது அந்த வெண்மையான வளைவுதான் என்பதை, குழிக்குள் காத்திருந்தவனே அறிவான். அல்லது அவன் வாய்ச்சொல்லை மதித்துக் கேட்ட புலவன் அறிவான். இவ்வுவமை ஏட்டிலிருந்து எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இரவு வேட்டை தவறினால் பகல் வேட்டை. நாய்களைப் புதருக்குள் விட்டு, வலைகளைத் தொடராகக் கட்டி, குறுமுயலைச் சுற்றி வளைக்கின்றனர். அந்த வேடர் வீட்டுக்கு வரும் பாணனுக்குக் கிடைக்கும் உணவு என்ன? ஈச்சங்கொட்டையின் நிறமுடைய மேட்டுநிலச் செந்நெற் சோறும், நாய் பிடித்துக் கொண்டுவந்த உடும்பின் வறுவலும். ஓரியின் அம்பு கடைசியாகத் தொட்ட விலங்கு, எயினர் வீட்டில் விருந்தின் முதற் பொருளாகிவிடுகிறது!

பன்றியைப் பற்றிச் சங்கப் புலவர்க்கு இருந்த அறிவு வியப்பளிப்பது. தினைப்புனத்துக்குள் நுழைய வந்த பன்றி, பல்லியின் ஒலி நல்ல பக்கத்தில் எழாமையால் திரும்பித் தன் முழைக்கே போய்விட்டதென்று உக்கிரப்பெருவழுதி பாடுகிறார் (நற்றிணை 98). பன்றிக்கு நிமித்தம் தெரியுமா என்று சிரிக்கலாம். ஆனால் ஐயம் தோன்றினால் எதிரே விளைச்சல் இருந்தாலும் பின்வாங்கிவிடும் அதன் எச்சரிக்கையை இதைவிட நயமாகச் சொல்ல இயலாது. பெருங்குன்றூர்கிழார் பாட்டில் (நற்றிணை 119) புனவன் தினையுண்ணும் பன்றிக்காகப் பெருங்கல்லைத் தாங்கிய ‘அடார்’ என்னும் பொறியை வைக்கிறான். அதில் புலி அகப்படுகிறது. உழவனின் பொறியில் வேந்தனின் வேட்டை விழுந்துவிட்ட இவ்வேடிக்கை எண்ணி இன்புறத்தக்கது.

அகத்திணையில் வேட்டை மெல்லத் தன் குருதி நிறத்தை இழந்தது. தலைவன் புனத்துக்கு வந்து, அம்பு பட்ட யானை இவ்வழி வந்ததோ, மான் இவ்வழிப் போந்ததோ என்று கேட்பது காதலுக்கு ஒரு முகவுரையாயிற்று. பிற்காலக் கோவைகளில் ‘வேழம் வினாதல்’, ‘கலைமான் வினாதல்’ எனத் துறைகளே வகுத்துவிட்டனர். பன்றி வினாதல் என்றோ உடும்பு வினாதல் என்றோ ஒரு துறையை நான் கண்டதில்லை. உடும்பைத் தொலைத்துவிட்டுத் தேடிவரும் தலைவனைத் தோழி எவ்வாறு வரவேற்பாள்! காதலிலும் விலைவனுக்கு இடமில்லாது போயிற்று.

காடு கொன்ற கதை

பெரும்பாணாற்றுப்படை பாடிய அதே உருத்திரங்கண்ணனார்தாம் கரிகாலனைப் பட்டினப்பாலையில் பாடினார். அங்கே அரசனின் செயல்களை அடுக்கும்போது, காட்டை அழித்து நாடாக்கியதையும், குளம் தோண்டி வளம் பெருக்கியதையும், உறந்தையை மாடங்களோடு விளங்கச் செய்ததையும் ஒரே மூச்சில் சொல்கிறார். உறந்தை என்பது நம் உறையூர். ஈண்டு அவர் ஆளும் வினைச்சொல்லைக் கவனிக்க வேண்டும். காட்டை வெட்டினான் என்றோ திருத்தினான் என்றோ சொல்லவில்லை, ‘கொன்று’ என்கிறார். பகைவனையும் விலங்கையும் கொல்வது போலக் காட்டையும் கொன்றான் அரசன். அதைப் புகழாகவே சொல்கிறார் எனினும், சொல் சொல்லாகவே நிற்கிறது.

நம் பகுதியில் பெருவிலங்குகள் அழிந்ததற்கு வில்லும் துப்பாக்கியும் காரணம் என்று பொதுவாக எண்ணுகிறோம். என் கருத்து வேறு. அம்பு கொன்றது எண்ணி முடிக்கத்தக்கது. குளமும் வாய்க்காலும் வயலும் பரவிய வேகத்தில் யானைக்குரிய வழியும் புலிக்குரிய மறைவும் போயின. உறையூரில் அரசிருந்த சோழர்க்குப் புலி கொடியில் எஞ்சியது. கல்லணைக்குக் கீழே நெல் விளைந்தது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நெல்லை உண்டுதான் தமிழ் வளர்ந்தது. எனினும் வேட்டையின் வரலாற்றை எழுதுகிறவன் ஏரையும் மண்வெட்டியையும் விட்டுவிட்டு வில்லை மட்டும் எழுதினால் கணக்கு நேராகாது.

கடலுக்கு அப்பாலும் இதே கதையைக் காணலாம். வட அமெரிக்காவின் புல்வெளிகளில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டெருமைகள் கோடிக்கணக்கில் திரிந்தன. 1880களின் இறுதியில் ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சின. தோலுக்காகச் சுட்டவர் பலர், இருப்புப்பாதை வந்தது, அந்நிலத்தின் பழங்குடிகளை அகற்றி உழவுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் இடம் செய்யும் நோக்கமும் அதன் பின்னே இருந்தது. காடு கொன்று நாடாக்கிய செயலின் பெருவடிவம் அது. பின்னர் அந்நாட்டார் வேறு வழி கண்டனர். 1937இல் இயற்றிய சட்டம் ஒன்றால் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிய வரி காட்டுயிர்ப் பெருக்கத்துக்கே செல்லலாயிற்று. இன்றும் அங்கே வெண்வால் மானும் எல்க் மானும் காட்டு வான்கோழியும் பருவந்தோறும் உரிமச் சீட்டோடு வேட்டையாடப்படுகின்றன. வேட்டுவன் கட்டும் பணத்தில் விலங்கு வளர்கிறது. நமக்கு இது விந்தையாகத் தோன்றும். நாம் தேர்ந்த வழி முற்றிலும் வேறு; அதைப் பின்னர்க் காண்போம்.

தீவில் எஞ்சிய நினைவு

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள நம் தீவில் காடு இருந்தது என்பதை இன்று ஊர்ப்பெயரும் கோயிற்பெயருமே சொல்கின்றன. திருவானைக்கா என்னும் பெயரில் ஆனையும் காவும் இரண்டும் உள்ளன. திருவரங்கம் பெரியகோயிலுக்குக் கிழக்கே காட்டழகிய சிங்கர் சந்நிதி இருக்கிறது. அவ்விடம் அடர்ந்த காடாக இருந்த காலத்தில் யானைகள் வந்து மக்களை வருத்தின என்றும், அவற்றினின்று காக்கவே நரசிங்கப் பெருமானை அங்கு எழுந்தருளச் செய்தனர் என்றும் தலமரபு கூறும். யானைக்கு எதிராகச் சிங்கத்தை நிறுத்தியிருக்கிறார்கள்! பிள்ளை உலகாசிரியர் தம் மாணாக்கர்க்கு இரகசியப் பொருள்களை உரைத்த இடமாகவும் அச்சந்நிதியைப் போற்றுவர். ஆண்டுதோறும் விசயதசமியன்று நம்பெருமாள் அங்கே எழுந்தருளிப் பாரிவேட்டை கண்டருளுகிறார். அம்பு பாய்கிறது, எந்த விலங்கும் விழுவதில்லை. காடு போனபின் வேட்டை விழாவாகிவிட்டது.

விராலிமலைக்கும் இத்தகைய மரபு ஒன்று உண்டு. வேங்கையைத் துரத்திவந்த வேடன் ஒருவன், அது குரா மரத்தருகே மறைந்ததைக் கண்டு அவ்விடத்தின் தெய்வத்தன்மையை உணர்ந்தானாம். அருணகிரிநாதருக்கு அம்மலைக்கு வழி காட்டியவரும் வேட வடிவில் வந்த முருகனே என்பர். வேடனுக்கு வழி தெரியும் என்ற நம்பிக்கை தலக்கதைகளில் மாறாமல் வருகிறது.

திருவரங்கத்தில் வேட்டையைக் காண விரும்புவோர் சேஷராயர் மண்டபத்துக்குச் செல்ல வேண்டும். விசயநகர, நாயக்கர் காலத்துச் சிற்பியர் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கிய தூண்கள் அவை. முன்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள். மேலே ஈட்டியேந்திய வீரர். கீழே சீறும் புலிகள். குதிரையின் வயிற்றடியில் நின்று வாளும் கேடயமுமாகத் துணைசெய்யும் காலாட்கள். ஒரே கல்லில் இத்தனையும். மேல்நாட்டார் வந்து படம் பிடித்துச் செல்கின்றனர். நம்மவரோ சொர்க்கவாசலுக்கு விரைகின்ற வேகத்தில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அத்தூண்களில் ஒரு பொருத்தமின்மை உண்டு. குதிரை புலியின் வாடையைக் கண்டால் மிரண்டு விலகும் இயல்புடையது. ஈட்டியோடு குதிரைமேலிருந்து புலியை நேருக்கு நேர் குத்துவது எளிய செயலன்று. அரபுநாட்டாரும் போர்த்துகீசியரும் கப்பலில் கொண்டுவந்து விற்ற குதிரைகள் அக்கால அரசுகளுக்கு உயிர்நாடியாக இருந்தன. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குதிரையைப் புலிமுன் நிறுத்தி இழக்க எந்தப் படைத்தலைவனும் துணியமாட்டான். சிற்பி காட்டுவது நடந்த வேட்டையன்று. ஆள்கிறவனுக்குக் காடும் அடங்கும் என்னும் உரிமைப் பேச்சு. கலையழகில் இத்தூண்களுக்கு நிகரில்லை. ஆனால் விலங்கை அறிந்த அறிவில், குழிக்குள் காத்திருந்தவனின் அகத்திப்பூ உவமைக்கு இவை ஈடாகா என்பது என் துணிபு.

அம்மண்டபத்தின் அருகேயுள்ள மணல்வெளியில்தான், ஆயிரங்கால் மண்டபத்தின் முன்பாக, வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவில் இராப்பத்தின் எட்டாம் நாளன்று திருமங்கை மன்னன் வேடுபறி நடைபெறுகிறது. நம்பெருமாள் தங்கக் குதிரையில் மணலில் வையாளி கண்டருள, கலியன் வழிமறிக்கிறார். மணக்கோலத்தில் வந்த திருமாலை மறித்து அணிகலன்களைப் பறித்து, முடிவில் திருவெட்டெழுத்தைப் பெற்ற கதை யாவரும் அறிந்ததே. அந்தத் திருச்சுற்றுக்கே ஆலிநாடன் திருச்சுற்று என்று பெயர். கல்லிற் குதிரைகள் ஒருபுறம் புலியைத் துரத்திக்கொண்டிருக்க, மணலிற் குதிரைமேல் வருகிறவரே இரையாகிறார். வேடனின் பறிப்பு வழிபாடாக ஏற்கப்பட்ட இடம் தமிழகத்தில் இது. கண்ணப்பர் ஊட்டிய பன்றியூன் மற்றொன்று. இலக்கியத்திலும் நீதிமன்றத்திலும் கிடைக்காத இடம் வேடனுக்குக் கோயிலிற் கிடைத்தது.

வளைதடியும் உள்ளானும்

நம் தெற்கே புதுக்கோட்டைச் சீமை. 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னரின் தனி அரசாக இருந்து, பின் நம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்து, 1974 சனவரி 14இல் தனி மாவட்டமானது. அச்சீமையின் வேட்டைக் கருவி வளரி. வளைதடி என்றும் சொல்வர். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூற்றொகுதியில் புதுக்கோட்டைத் திவான் எழுதியனுப்பிய குறிப்பொன்று இடம்பெற்றிருக்கிறது. பிறைவடிவம், ஒரு முனை கனமாக இருக்கும், வெளி விளிம்பு கூர்மை. கனங்குறைந்த முனையைப் பற்றித் தோளுக்கு மேலே சிலமுறை சுழற்றி வீசுவர். சிறு விலங்கையும், வேண்டுமாயின் ஆளையும், ஒரே வீச்சில் வீழ்த்தும் வல்லவர் முன்னாளில் இருந்தனர். திவான் எழுதிய நாளிலேயே அத்தகையோர் அருகிவிட்டனர்; முயலும் காட்டுக்கோழியும் பிடிக்க எப்போதாவது வளரி பயன்பட்டது. பாளையக்காரர் போர்களில் பங்கேற்றதாகக் கருதப்பட்ட அக்கருவி, கள்ளர், மறவர் வீடுகளின் பூசையறையில் மற்ற பழைய ஆயுதங்களோடு ஓய்வெடுத்து, ஆயுதபூசை நாளில் மட்டும் துடைத்து வைக்கப்பட்டது. போருக்கும் வேட்டைக்கும் ஒரே கருவி. போர் போனபின் அது முயலுக்கு இறங்கியது. பிறகு பூவுக்கும் பொட்டுக்கும் உரியதாயிற்று.

ஆங்கிலப் படை திருச்சிராப்பள்ளியில் பாசறை அமைத்த பிறகு, விருப்பமான வேட்டையும் மாறியது. சமவெளியில் யானையும் புலியும் ஏது? அதிகாரிகளின் கண் நம் நஞ்சைகளின்மேல் விழுந்தது. வடக்கேயிருந்து வலசை வந்து, சம்பா வயலின் சேற்றில் நீண்ட அலகால் துழாவி இரைதேடும் உள்ளான், நெல்வயல் நிறைந்த இடங்களில் வெள்ளையர் மிக விரும்பிய சிறுவேட்டையாயிற்று. அருகே சென்றால் திடீரென எழுந்து கோணல்மாணலாகப் பறக்கும், குறி தவறும். இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வுள்ளான் வேட்டையைச் சுட்ட வழங்கிய சொல்லிலிருந்தே, மறைந்திருந்து குறி தவறாமற் சுடுபவனைக் குறிக்கும் ‘ஸ்னைப்பர்’ என்னும் சொல் பிறந்தது. இன்றைய போர்ச்செய்திகளில் அச்சொல்லைக் காணும்போதெல்லாம் ஒரு சேற்றுவயற் பறவை என் நினைவுக்கு வருகிறது.

உள்ளான் வயலின் உறவினன். காட்டைக் கொன்றதால் வாழ்வு பெற்ற உயிர்களுள் ஒன்று. கரிகாலனின் நெல்லே அதற்கு இடம் கொடுத்தது. வன்பரணரின் பட்டியலில் அதற்கு இடமில்லாததில் வியப்பில்லை.

சட்டம் வந்தபின்

யானையைக் காக்கச் சென்னை மாகாணம் 1873இலேயே தனிச்சட்டம் செய்தது. 1879இல் அது இந்தியா முழுமைக்கும் விரிந்தது. கொன்றால் இழப்பு, பிடித்தால் வருவாய் என்ற கணக்கும் அதில் இருந்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்னும் பழக்கத்துக்கே முற்றுப்புள்ளி வைக்க வந்தது. ஓரியின் அம்பு தொட்ட ஐந்தும் இன்று அச்சட்டத்தின் அட்டவணைகளில் உள்ளன. புலியோடும் யானையோடும் உடும்பும் முதல் அட்டவணையிலேயே அமர்ந்திருக்கிறது. வன்பரணரின் வரிசையில் கடைசியாக நின்றதைச் சட்டம் முதல்வரோடு சேர்த்து உட்காரவைத்தது அழகிய செயலே. சட்டம் தேவையானது, அது வந்திராவிட்டால் இருப்பதும் இராது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் சட்டத்தின் முன் வேட்டையை விட்டவர் இருதிறத்தார். பொழுதுபோக்குக்குச் சுட்டவர் துப்பாக்கியைச் சுவரில் மாட்டினார். தலையும் தோலும் கூடத்தை அணி செய்தன. விலைவனுக்கோ அன்றாட உணவு போயிற்று. துவாக்குடிப் பக்கம் தேவராயநேரியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. வாக்ரிபோலி பேசும் இம்மக்கள், வலையும் நாட்டுத் துப்பாக்கியும் கொண்டு நரியும் காடையும் கௌதாரியும் பிடித்து வாழ்ந்தவர்கள். கூண்டிலிட்ட கௌதாரியைக் கூவவிட்டு அதன் இனத்தை அழைக்கும் நுட்பம் அவர்களுடையது. சட்டத்துக்குப் பின் ஊசியும் பாசிமணியும் அவர்கள் கைப்பொருளாயின. சத்திரம் பேருந்து நிலையத்திலும் கோயில் வாசல்களிலும் நாம் விலை பேசி வாங்கும் மணிமாலைக்குப் பின்னே ஒரு வேட்டைக்குடியின் வரலாறு இருக்கிறது. அவர்களைப் பழங்குடிப் பட்டியலிற் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரிலேதான் நிறைவேற்றியது. சட்டம் வேட்டையைத் தடுத்ததற்கும் இதற்கும் இடையே 50 ஆண்டுகள். இந்த ஐம்பதாண்டில் ‘வேட்டை’ என்ற சொல்லைத் தேர்தலுக்கும் பதக்கத்துக்கும் வசூலுக்கும் எழுதித் தீர்த்த நாம், வேட்டுவனைப் பற்றி எத்தனை கவிதை எழுதினோம் என்று நம் வட்டத்து ஏடுகளையே புரட்டிப் பார்க்கலாம். மான்விழியைப் பாடாத கவிஞரில்லை. மானின் குளம்படியை அறிந்தவர் எவர்?

ஐந்தும் இன்று எங்கே இருக்கின்றன? கொல்லிமலையில் செம்மேட்டில் ஓரிக்குக் குதிரைமேல் சிலை இருக்கிறது. ஆடிப் பதினெட்டையொட்டி அரசு விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் உண்டு. அங்கே யானையும் இல்லை, புலியும் இல்லை. நம் மாவட்டத்தில் யானையைக் காண வேண்டுமானால் திருவரங்கத்திலும் ஆனைக்காவிலும் கோயில் வாசலிற் காணலாம், அல்லது எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை 2019இல் அமைத்த மறுவாழ்வு மையத்தில், தனியாரிடமிருந்தும் பிறவிடங்களிலிருந்தும் மீட்கப்பட்ட யானைகள் வாழ்கின்றன. புலிக்குச் சேஷராயர் மண்டபம். உடும்பு ஓடை ஓரங்களில் இன்னும் உண்டு. அதைப் பிடித்தவரைப் பற்றிய வழக்குச் செய்தியாகத்தான் நாளிதழில் தலைகாட்டுகிறது.

பன்றி மட்டும் தோற்கவில்லை. பச்சைமலை, கொல்லிமலை அடிவாரங்களில் தினை போய் மக்காச்சோளமும் மரவள்ளியும் வந்தன; பன்றிக்கு அதுவும் உவப்பே. உழவர்களின் நெடுநாள் முறையீட்டுக்குப் பின், 2025 சனவரியில் தமிழக அரசு ஒரு வழி வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். உழவன் கையில் வில்லும் இல்லை, அடாரும் இல்லை. ஆகவே கொல்லைகளைச் சுற்றிக் கயிறு கட்டி, பழைய சேலைகளை வண்ணம் வண்ணமாகத் தொங்கவிடுகிறார்கள். பல்லி சொல்லுக்குத் திரும்பிய இனம், சேலை அசைவுக்கும் சில நாள் தயங்கி நின்று, பிறகு உள்ளே நுழைந்துவிடுகிறது.